கிரீஸும் சாக்பீஸும்

ஏறிக்குங்க தம்பி. முன்னாடியே உக்காருங்க, பின் சீட்டு பூராத் தட்டும் பூவும் வளையல் பெட்டியுமாக் கெடக்குது. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க, பழைய வண்டி, நோகாமச் சாத்துனா சாத்திக்காது. கோபி பஸ் இப்பத்தான் போச்சு. இனி முக்கா மணி நேரத்துக்கு ஒண்ணும் வராது. நீங்களும் நம்பியூர் வரைக்குமா? அப்பச் சரி, ஒரே வழி. பேசிட்டே போயிரலாம்.

செருப்பா? நீங்க போட்டுக்குங்க, ஒண்ணுமில்ல. நான்தான் கழட்டி டிக்கியில வெச்சுருவேன். கார் லட்சுமிங்க. இருவத்தேழு வருசமா இதுக்குள்ள செருப்புக் காலு வெச்சதில்ல. வெறுங்கால்லதான் ஓட்டறது.

என்ற பேரு நாச்சிமுத்து. அந்தியூர்ல மஞ்ச யாவாரம் பண்ணிட்டிருந்தேன், இப்ப உட்டுட்டேன். கோயில் கமிட்டியில இருக்கறேன். இந்த வண்டி என்ற புள்ள சுகந்தி பொறந்த வருசம் வாங்குனது. ஆஸ்பத்திரியில இருந்து துணியில சுத்தி இதுலதான் அவளை ஊட்டுக்குக் கூட்டியாந்தேன். இன்னைக்கு அவளுக்குக் கட்டுச்சோறுங்க. ஏழு மாசம். சோறு கட்டிக் கொண்டுபோயி, சொந்தபந்தம் ஒறம்பரைக்கெல்லாம் போட்டுட்டு, பிரசவத்துக்குப் புள்ளையப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டியாறது. சாயங்காலம் அவ இந்த வண்டியிலதான் வருவா. நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துல. அவ வகுத்துல இருக்கறப்பவே முடிவு பண்ணுனது மாதிரிங்க எனக்கு.

சோத்துப் பானையெல்லாம் வேன்ல முன்னாடியே போயிருச்சு. என்ற ஊட்டுக்காரி தெய்வாத்தாளும் வேன்லதான் போயிட்டா. கார்ல வா அம்மிணின்னேன். பாத்திரத்தைப் பாத்துக்க ஆளு வேணும்னா. பானை எங்க ஓடிப் போகப்போகுது? எனக்குத் தெரியும், அவளுக்குப் பயம். காலைல அவசரத்துல வளையல் பெட்டி வேற தவறி விழுந்து, பத்துப் பன்னண்டு வளையல் நொறுங்கிப் போச்சு. அவ மொகத்தைப் பாக்கோணுமே. நான் சகுனம் பாக்கற ஆளில்ல. நானே குனிஞ்சு பொறுக்கிப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன்.

ஆமா, நீங்க என்ன சோலி பாக்கறீங்க? பால் டேங்கரா! அட, டிரைவருங்களா! நல்லதாப் போச்சு போங்க. ஆத்தாளே பாத்து ஏத்தி உட்டாப்புல இருக்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நாலு மாசமா என்ற மனசைப் போட்டு அரிச்சுட்டு இருக்குது. ஒரு வண்டி. பிரேக்கு ஒரு நேரம் புடிக்குது, ஒரு நேரம் புடிக்க மாட்டீங்குது. மத்தவங்க ஓட்டுனா நல்லாப் புடிக்குது. ஒருத்தன் ஓட்டுனா மட்டும் கைய விரிச்சுருது. அது எதுனாலங்க?

எந்த வண்டியா? இந்த வண்டிதான்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? பெல்ட்டா? அது இத்துப் போச்சுங்க, மாட்டாது. பயப்படாதீங்க, காலைல இருந்து நல்லாத்தான் நிக்குது. அந்தா ஆட்டுக்குட்டி வருது பாருங்க. மிதிக்கறேன். நின்னுதா? நின்னுது. அவ்வளவுதான். கேளுங்க.

மொதல்ல வைகாசியில ஒரு நா. சந்தைக்குள்ள மெதுவாத்தான் போறேன். எதுக்கால எளநி வண்டி. பிரேக்கை மிதிச்சேன். நிக்கலைங்க. நிக்கலைன்னாக்கூடப் பரவால்ல, உறுமிட்டுப் பாயுது. எளநிக் குமியல்ல போயி ஏறி நின்னுது. நல்லவேளை, எளநிக்காரன் அக்கட்டால நின்னுட்டு இருந்தான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அன்னைக்கே ராக்கியப்பன் பட்டறையில கொண்டுபோயி உட்டேன். ராக்கியப்பன் எங்கூரு மெக்கானிக்கு. இருவத்திரண்டு வருசமா இந்த வண்டியில அவனைத் தவிர ஒருத்தன் கை வெச்சதில்ல. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். அண்ணா அண்ணான்னு உசுரா இருப்பான். நாலு வீலையும் கழட்டுனான். பிரேக்கு லைனர் புதுசு போட்டான். ஆயில் மாத்தி, ஏர் எடுத்து, ஓஸ் பைப்பு மாத்தி, மாஸ்டர் சிலிண்டரையும் புதுசு போட்டான். அவன் ஓட்டுனான், நின்னுது. நான் ஓட்டுனேன், நின்னுது. சரின்னு கொண்டாந்துட்டேன்.

இருவது நா நல்லாருந்துது. அப்பறம் எங்கூட்டு வாசல்ல. தெய்வா கேட்டைத் தெறந்து உட்டுட்டு ஓரமா நிக்கறா. உள்ள வந்து பிரேக்கை மிதிக்கறேன், பழையபடி உறுமிட்டுப் பாய்ஞ்சுது. கேட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல அவ கை மாட்டிக்குச்சு. மணிக்கட்டு ஒடஞ்சு போச்சுங்க. முப்பத்தஞ்சு வருசமா அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. அன்னைக்கு அலறுனா. ரவைக்குப் படுத்தா இன்னும் அந்தச் சத்தம் வந்துருது எனக்கு. நான்தான் மாவுக்கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனேன், ஆட்டோவுல.

மறுக்கா ராக்கியப்பன். மறுக்கா கழட்டுனான். ஒண்ணும் தெரியலீங்ணான்னான். அவன் முழிக்கறதைப் பாத்தா எனக்கே பாவமா இருந்துது. ஈரோட்டுல பெரிய பட்டறைக்குத் தாட்டி உட்டேன். அங்க மிசின் மேல ஏத்தி, சக்கரத்தைச் சுத்தவெச்சுப் பாத்தாங்க. பிரேக்கு நெம்ப நல்லாருக்குதுன்னு பேப்பர்ல அடிச்சே குடுத்தாங்க. அந்தப் பேப்பரை மடிச்சு அந்தா அந்த டப்பாவுக்குள்ளதான் வெச்சிருக்கறேன், எடுத்துப் பாருங்க. அதை வாங்கிட்டு வந்த நாலாம் நாளு பஞ்சாயத்து ஆபீஸ் திண்டுல கொண்டுபோயி மோதுனேன். பேப்பரை வெச்சு நாக்கா வழிக்கறது?

மாப்பிள்ளை ஓட்டுனா நிக்குது. பக்கத்தூட்டுக்காரரு ஓட்டுனா நிக்குது. எனக்கு மட்டும் நிக்கல. வண்டிக்கும் எனக்கும் அப்படி என்னங்க பகை? கண்ணு பட்டுருச்சுன்னாங்க. எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனேன். பூசணிக்கா சுத்தி ஒடைச்சேன். பூசணிக்காய ஒடைச்சுட்டுத் திரும்பறப்பத்தான் அந்தத் திண்டுல மோதுனது.

என்னங்க? கையைக் கதவுலயே வெச்சிருக்கறீங்க. அந்தக் கைப்புடி ஆடும், நம்பிப் புடிக்காதீங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வாறேன். ஆடி மாசம் ராக்கியப்பன் ஒரு நாக் காலைல ஊட்டுக்கு வந்தான். ‘அண்ணா, ஒரே ஒரு சோதனை பாக்கோணும், வண்டிய மஞ்சக் களத்துக்குக் கொண்டாங்க’ன்னான். மஞ்ச காயப்போடற களம், ஆடியில காலியாக் கெடக்கும், மோதறதுக்கு ஒரு கல்லு கெடையாது. போனேன். ஒரு டப்பியில கருப்பு கிரீஸ், ஒரு காயிதத்துல சாக்பீஸ் தூளு. குனிஞ்சு ஆக்சிலேட்டர் மேல கிரீஸைத் தடவுனான். பிரேக்கு மேல சாக்பீஸைத் தூவுனான். ‘ஆக்சிலேட்டரைத் தொடாம மொதக் கியர்லயே உருட்டுங்க, நான் நில்லுங்கன்னு சொன்னா பிரேக்கை மிதிங்க’ன்னான். நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் அவனும் உக்காந்தான், ஹேண்ட் பிரேக்குல கையை வெச்சுக்கிட்டு.

நில்லுங்கன்னான், மிதிச்சேன், நின்னுது. இப்படி ஏழெட்டு மட்டம். அப்பறம் ஒருக்கா நில்லுங்கன்னான், பாருங்க, பாய்ஞ்சுது. அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திட்டான். ‘காலை எடுக்காதீங்க... இப்பத் தூக்கிக் காட்டுங்க’ன்னான். மாட்டுக் குளம்பைப் பாக்கற மாதிரி என்ற பாதத்தைத் திருப்பிப் பாத்தான். முன்பாதம் பூராக் கருப்பு.

அதுக்கென்ன இப்ப? கருப்புன்னா ஆக்சிலேட்டரை மிதிச்சேன்னு அர்த்தமா? என்ற காலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டுலயும் கிரீஸைத் தடவி வெச்சிருந்தா நான் என்ன கண்டேன்?

அதோட உடலைங்க அவன். ‘அண்ணா, கண்ணை மூடுங்க, எந்த வெரலைத் தொடறேன்னு சொல்லுங்க’ன்னான். சரி, பாக்கலாம்னு மூடுனேன். உக்காந்திருக்கறேன், உக்காந்திருக்கறேன், ஒண்ணும் பண்ண மாட்டீங்கறான். ‘ஏன்டா, எப்பத் தொடுவே?’ன்னு கேட்டேன். ‘தொட்டுட்டுத்தானுங்ணா இருக்கறேன்’னான்.

கண்ணைத் தெறந்தேன். கையில ஸ்க்ரூ முடுக்கற திருப்புளி. அவன் கண்ணுல தண்ணி. ‘பிரேக்கு நல்லாருக்குதுங்ணா. காலுதான் போச்சு. சக்கரைக்காரங்களுக்கு வரும். ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்’னு கையை நீட்டறான்.

எனக்கு வந்துது பாருங்க கோவம். சக்கரை இருக்குதுங்க, பன்னண்டு வருசமா இருக்குது. இல்லைங்கல. அதுக்கு மாத்திரை இருக்குது, ஞாபகம் வந்தா போடறேன். காலுக்கும் அதுக்கும் என்ன? எந்தக் காலைப் பாத்து அவன் போச்சுன்னு சொன்னான் தெரியுங்களா?

இந்தப் பங்குனியில எங்க ஆத்தாளுக்குக் குண்டம். கங்கு பரப்பி, அறுபது அடி. முப்பத்தியேழு வருசமா எறங்கறேன். பொய் சொல்லக் கூடாது, மத்த வருசமெல்லாம் ஓட்டந்தான். சுடும்ல? அக்கட்டாலப் போயி விழுந்தாப் போதும்னு இருக்கும். இந்த வருசம் சுடலைங்க. எறங்குனேன், ஒண்ணுமே இல்ல. பூ மேல நடக்கறாப்புல இருந்துது. நெதானமா நடந்தேன். நடுக் குண்டத்துல நின்னு, திரும்பி, ஆத்தாளைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டேன். ஊரே ஒரு சத்தம் போட்டுது பாருங்க. பொம்பளைங்க அழுகறாங்க. பூசாரி மொத மாலைய என்ற கழுத்துல போட்டாரு. ஆயுசுல அன்னைக்கு ஒரு நாத்தான் நான் மனுசனாப் பொறந்ததுக்கு அர்த்தம்னு நெனச்சேன்.

அப்பறம் கொப்பளிச்சுது, ஆறறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அது வேற. ஆனா வலிக்கலைங்க. கொப்பளம் வந்தும் வலிக்கல பாருங்க. அதுதான் ஆத்தா.

அந்தக் காலைப் போயி போச்சுங்கறான். ஆத்தா தொட்ட காலை. அப்ப ஆத்தா வந்தது பொய்யா? நான் நடந்தது பொய்யா? கை ஓங்கிட்டேன், அடிக்கல. மறுநா கமிட்டிக் கூட்டத்துல, இருவது பேருக்கு முன்னாடி சொன்னேன். ‘ராக்கியப்பன்கிட்ட ஆரும் வண்டி உடாதீங்க. புது லைனருன்னு சொல்லிப் பழசை மாட்டி உட்டுட்டான், எம் பொண்டாட்டி கையே ஒடஞ்சு போச்சு’ன்னேன்.

பழசுதான்னு கண்ணால பாத்தீங்களாங்கறீங்களா? பாக்கல. பின்ன ஏன் வண்டி நிக்கல? சொல்லுங்க.

ஊரு கேட்டுக்குச்சு. குண்டத்துல நின்னு கும்புட்ட மனுசன் பொய் சொல்லுவானான்னு பேசிக்கிட்டாங்களாம். ஆவணி பொறக்கறதுக்குள்ள அவன் பட்டறையைப் பூட்டிட்டான். பவானியில எவன்கிட்டயோ கூலிக்குப் போறானாம். அவன் பொஞ்சாதி தெய்வாகிட்ட வந்து அழுதுட்டுப் போச்சாம். தெய்வா அதுக்கப்பறம் எங்கூடச் சரியாப் பேசறதில்ல. எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. இருவத்திரண்டு வருசம் பழகுனவன். ஆனா தப்புப் பண்ணுனவன் அவன்தானுங்களே? கிரீஸைத் தடவி என்னை ஏமாத்தப் பாத்தவன் அவன்தானுங்களே?

நீங்க டிரைவரு. நீங்க சொல்லுங்க. லைனராத்தான இருக்கோணும்?

மெதுவாப் போகச் சொல்றீங்களா? மெதுவாத்தானுங்க போறேன். வாய்க்காப் பாலம் வருது, குறுகல். முன்னாடி மொபெட்டுல புருசன் பொஞ்சாதி போறாங்க பாருங்க, பின்னாடி புள்ளைய எப்படி உக்கார வெச்சிருக்காங்கன்னு பாருங்க, நம்மளையே பாத்துட்டு வருது. கையைக் காட்டுது. டாட்டா கண்ணு, டாட்டா. அட, எதுக்கு நிக்கறாங்க? பஸ் வருதா? இருங்க, மிதிக்கறேன்...

ஆத்தா! ஆத்தா!

தம்பி, தம்பி, ஹேண்ட் பிரேக்கு நீங்கதான் இழுத்தீங்களா? பாத்தீங்களா, பாத்தீங்களா! உங்க கண்ணு முன்னாடியே பாய்ஞ்சுது பாருங்க! நான் மிதிச்சேன், நல்லா அழுத்தி மிதிச்சேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்களே? தொடலீங்களே? ஒரு சாண் இருக்குங்களா நடுவுல? போயிட்டாங்களா? அந்தாளு திட்டறாரா? திட்டட்டும். திட்டட்டும். ஐயோ, அந்தப் புள்ள இன்னும் கையைக் காட்டுது.

என்னங்க, இன்ஜின் ஏன் இப்படிக் கத்துது? கிளட்சை மிதிச்சுட்டேன், இன்னும் கத்துது. என்ன சொல்றீங்க? கீழ பாக்கறதா? காலை எடுக்காமப் பாக்கோணுமா?

பிரேக்கு மேலதானுங்க இருக்குது. எனக்குத் தெரியுதே, பிரேக்கு மேலதான்...

எடுத்துட்டேன். எடுத்துட்டேங்க. இப்பக் கத்தல.

பதட்டத்துல நழுவியிருக்கும். ஆருக்கும் நழுவும். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஓரமாத்தானே நிக்குது வண்டி? பஸ் போயிருச்சா? சித்த நேரம் இருங்க.

என்னங்க? ரத்தமா? எங்க? கால்மிதி மேலயா? அது குங்குமமுங்க. பின்னாடி தட்டுல இருந்து கொட்டியிருக்கும், பாய்ஞ்ச பாய்ச்சலுக்கு. ஈரமா இருக்குதா? அப்ப சந்தனமாட்ட இருக்கும். அட, நீங்க எதுக்குங்க என்ற காலைத் தொடறீங்க, உடுங்க தம்பி, நல்லாருக்காது, உடுங்க...

என்னங்க அது.

குடுங்க பாக்கலாம். பச்சை வளையல். காலைல ஒடஞ்சதுங்க இது. வெரக்கடை நீளம் இருக்குது. இதுவா உள்ள இருந்துது? இப்ப நீங்க புடுங்குனீங்களா? எப்பப் புடுங்குனீங்க?

ஏழு மணிக்கு ஒடஞ்சுதுங்க. இப்ப பத்தரை. இதை உள்ள வெச்சுட்டுத்தான் பூக்கடைக்கு நடந்தேன். கோயிலைச் சுத்துனேன். மூணு சுத்து. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே தம்பி.

இன்னொருக்கா குத்துங்க. இல்லீங்க, குத்துங்க. அந்த வளையலை வெச்சே குத்துங்க. நான் ரோட்டைப் பாத்துக்கறேன்.

குத்துனீங்களா?

அப்ப, பங்குனியில... அப்ப அன்னைக்கு ஆத்தா வரலீங்களா? சுடாம இருந்தது இதுனாலயா? ஊரே அழுதுது. மாலை போட்டாங்க. ஊட்டுல அந்த மாலைய இன்னும் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கறேன், காஞ்சு போயி. செத்த காலை வெச்சுட்டு நின்னு நின்னு கும்புட்டிருக்கறேன்.

தொட்டுட்டுத்தானுங்ணா இருக்கறேன்னானுங்க அவன். எனக்கு முன்னாடி அவன் கண்ணுல தண்ணி வந்துது. அவன் பட்டறையைப் பூட்ட வெச்சுட்டனே. பொண்டாட்டி கையை ஒடைச்சது நானு. லைனர் அவன் புதுசுதான் போட்டான், எனக்குத் தெரியும், கழட்டுன பழசைச் சாக்குல கட்டி என்ற கையிலயே குடுத்தான். இன்னும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கெடக்குது. அது கெடக்குதுன்னு தெரிஞ்சுட்டேதான் கமிட்டியில அப்படிப் பேசுனேன்.

இல்லீங்க, துண்டெல்லாம் வேண்டாம், உங்க துண்டு அழுக்காயிரும். சரி, கட்டுங்க. எனக்குத்தான் வலிக்கலீங்களே.

தம்பி, நீங்க இக்கட்ட வாங்க. சாவி அதுலயே இருக்குது. நான் அந்த எடத்துல உக்காந்துக்கறேன். சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுங்களா? கட்டுச்சோறு சாப்புடுங்க, ஒறம்பரையோட ஒறம்பரையா. புள்ளைய நீங்கதான் கூட்டியாறோணும். நான் பின்னாடி வளையலோட உக்காந்து வாறேன்.

சுகந்தி வாசல்லயே நிக்கும். வண்டிச் சத்தம் அதுக்குத் தெரியும். ஏனுங்கப்பா, நீங்க ஓட்டலைங்களாங்கும். பிரேக்கு சரியில்லைன்னு சொல்லிரலாம். நீங்களே சொல்லிருங்க, டிரைவரு சொன்னா நம்பும்.

வேண்டாங்க. அப்படிச் சொன்னா அது ராக்கியப்பன் தலையிலதான் விழும். காலுன்னே சொல்லிருங்க. இல்ல, நீங்க எதுக்கு. நானே சொல்றேன். புள்ளகிட்டச் சொல்லிட்டா அப்பறம் கமிட்டியில சொல்லிரலாம். இருவது பேரும் சோத்துக்கு அங்கதான் இருப்பாங்க.

எடுங்க வண்டிய. மெதுவா. பாலம் தாண்டி ஒருக்கா பிரேக்கை மிதிச்சுப் பாருங்க.

நின்னுது.

இன்னொருக்கா மிதிங்க தம்பி.

நின்னுதுங்க. எவ்வளவு நல்லா நிக்குது பாருங்க.